சிவப்பு விளக்கு அணையும் வரை

மார்ச் 3

இந்த நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு முதலில் பக்கத்தில் தூங்கும் இருவரிடமும் மன்னிப்பு. பாப்பா புரண்டு படுத்துவிட்டாள். அவள் அப்பா போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, "பகல்ல பயப்படக் கூடாதா?" என்றார். பகலில் எனக்கு எங்கே நேரம்.

பிரசவ விடுப்பு முடிந்து மறுபடி விமான நிலையத்தில் அதே வேலை. விமானம் தரையிறங்கி, பயணிகள் இறங்கும் வாசலுக்கு வரும்போது வலது இறக்கையின் நுனிக்கு நேராக நடந்து, அது எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் கையிலிருக்கும் இரண்டு ஒளிக்குச்சிகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைக்க வேண்டும். அதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நிற்க வேண்டும். இயற்பியல் படித்தவள் குச்சி பிடிக்கிறாளே என்று மாமியாருக்கு வருத்தம். படித்ததால்தானே இந்த பயம். ஓடுகிற எஞ்சின் தன் முன்னால் இருப்பதை எப்படி இழுக்கும் என்று தெரிந்து தொலைத்திருக்கிறது.

எங்கள் குழுவில் சக்கரத்துக்குக் கட்டை வைப்பவர் எக்ஸ்பிரஸ் அண்ணன். விமானத்தின் வயிற்றடியில் மினுங்கும் சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டிக் கிட்டே போகலாம். அவர் எஞ்சின் சத்தம் இறங்கத் தொடங்கியதுமே கிளம்பிவிடுவார். இன்று கேட்டே விட்டேன்.

"செவப்பு லைட்டப் பாத்து நிக்கிறதுக்கு நான் என்ன ரோட்டுல வண்டியா ஓட்டுறேன்? எனக்குக் காது இருக்கும்மா."

"காதைத்தான் மூடி வெச்சிருக்கீங்களேண்ணே."

"ஒரு பக்கம் தூக்கி விட்டுட்டுத்தான் போறேன். புள்ள பெத்துட்டு வந்ததுல இருந்து நீ இலை விழுந்தாக்கூட திரும்பிப் பாக்குற."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 5

இன்றும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் அவர் பக்கம் சாட்சி சொல்கிறது.

மார்ச் 8

வேலைக்கு நடுவே பால் கட்டிக்கொண்டு வலி உயிர் போகிறது. ஓய்வறைக்குப் போய் எடுத்துவிட்டு வர, என் இடத்தில் ஓர் ஆள் வேண்டும். சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். எக்ஸ்பிரஸ் அண்ணன்தான், "நீ போம்மா, உன் றெக்கைய நான் பாத்துக்கறேன். புள்ள பட்டினி கெடக்கலாமா?" என்றார். இறக்கையையும் பார்த்து, கட்டையையும் அவரே வைத்திருக்கிறார்.

இவரைப் பற்றிப் போய் நான் எப்படி மேலே சொல்வது?

மார்ச் 12

அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. எழுதினால் நிற்கிறதா பார்க்கலாம்.

மதியம் வந்த விமானத்துக்கு வாலில் இருக்கும் சின்ன எஞ்சின் பழுது. நின்ற பிறகு உள்ளே விளக்கு எரிய வைப்பது அதுதான். அதனால் தரையிலிருந்து மின்கம்பி மாட்டும்வரை வலது எஞ்சினை அணைக்க மாட்டார்கள்; சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். விமானி சைகை காட்டிய பிறகு, இடது பக்கமாக மட்டும் போய்க் கட்டை வைக்க வேண்டும். இதை சூப்பர்வைசர் முன்கூட்டியே குழுவைக் கூட்டிச் சொன்னார். நான் பால் எடுத்துவிட்டு நேரே அந்தக் கூட்டத்துக்குப் போனேன். அண்ணன் அப்போது பக்கத்து வாசலில், என் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். எல்லாருமே அப்படித்தான் நினைத்திருக்கிறோம்.

விமானம் நின்றது. இடது எஞ்சினின் சத்தம் இறங்கியது. அவர் அவசரமாக வந்து, வழக்கம்போல் வலது பக்கமாக, கட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கத்தினேன் — அந்த இரைச்சலில் கத்தி என்ன. குச்சிகளைக் குறுக்கே தூக்கினேன். விமானத்தின் முன்னால் நின்று சைகை காட்டுபவர் என்னைப் பார்த்துவிட்டு, எஞ்சினை நிறுத்தச் சொல்லி விமானிக்குக் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார்.

அதற்குள் அண்ணன் தலையிலிருந்த தொப்பி போய்விட்டது. பறக்கவில்லை. போய்விட்டது. எஞ்சினுக்குள் ஏதோ அறைகிற சத்தம். அப்போதுதான் திரும்பி என் குச்சிகளைப் பார்த்தார். கட்டையை அணைத்துக்கொண்டு அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிட்டார்.

எஞ்சின் ஓய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. எனக்கும் கையை இறக்க வரவில்லை.

மார்ச் 13

நாளை விசாரணை. அண்ணன் போன் செய்தார்.

"காத்துல தொப்பி போச்சுன்னு சொல்லிடும்மா. நடந்ததச் சொன்னா நீ பால் எடுக்கப் போனதும் வெளிய வந்துடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அக்கறையா, மிரட்டலா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது. அவருக்கே தெரியாது.

பாப்பாவின் அப்பாவிடம் கேட்டேன். எழுந்து பாப்பாவின் போர்வையைச் சரிசெய்தார். பிறகு, "ரெண்டு பேர் வேலையும் போகலாம், யோசிச்சுக்கோ. அடுத்த தடவ தொப்பியோட நிக்காது, அதையும் யோசிச்சுக்கோ" என்றார்.

மார்ச் 14

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பால் எடுக்கப் போனதையும்.

"அவர் அந்தக் கூட்டத்துல இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று பாதுகாப்பு அதிகாரி கேட்டார்.

"தெரியும் சார்."

சூப்பர்வைசர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 17

எனக்கு எச்சரிக்கை. அண்ணனைப் பயணிகளின் பெட்டிகளை வகை பிரிக்கும் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள், மறுபயிற்சி முடியும்வரை. கேன்டீனில் என்னைக் கண்டதும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில், "இப்ப உன் றெக்கைய யாரு பாத்துக்கறா?" என்றார்.

உயிரோடு இருந்து திட்டுகிறாரே, அது போதும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

மார்ச் 26

இப்போது குழுவில் ஒருவர் குறைந்தாலும் விமானத்தை உள்ளே விடுவதில்லை. நான் பால் எடுக்கப் போகும் நேரத்துக்கு மாற்று ஆள் போட்டிருக்கிறார்கள். கட்டை வைக்க வந்திருக்கும் புதியவர் விளக்கு அணைந்த பிறகும் என் முகத்தைப் பார்க்கிறார், போகலாமா என்று.

சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "உங்கண்ணன் பயிற்சிய முடிச்சிட்டார். பழைய குழுவுக்கே அவரப் போடலாமா? உனக்கும் சம்மதம் இருக்கணும், அவருக்கும் இருக்கணும்."

யோசிக்காமல் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். அடித்து அடித்து எழுதி, இப்போதுதான் அனுப்பினேன்:

"அண்ணே, இந்த நேரத்துல அனுப்புறதுக்கு மன்னிச்சுக்கோங்க. நீங்க எங்க குழுவுக்கே திரும்பி வரணும்னு சொல்லிட்டேன். கோபத்த விட்டுட்டு வாங்கன்னு சொல்லல. அதையும் கூட்டிட்டு வாங்க. செவப்பு லைட்டு அணையுற வரைக்கும் கோட்டுக்குப் பின்னாடி நின்னு என்னைத் திட்டிட்டே இருங்க. நாளைக்கு உங்க எடத்துக்கு நிரந்தரமா வேற ஆள் போட்டுருவாங்க. வர்றீங்களா இல்லையான்னு சீக்கிரம் பதில் சொல்லுங்க."