மேடையில் சொன்ன உதாரணம்

குனோங் ராபாட், ஈப்போ,
14.6.1983

அன்பு மகள் தவமணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். கோத்தா கினபாலுவில் நீயும் மாப்பிள்ளை ஜெயபாலனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும்.

புது ஊரில் மனம் ஒட்டவில்லை, வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தாய். நான் பக்கம் பக்கமாகப் புத்தி சொன்னேன். அம்மாவைப் பார், எதுவும் வேண்டும் என்று கேட்கமாட்டாள், அதனால்தான் என்றும் சந்தோஷமாக இருக்கிறாள், நீயும் அப்படி இரு என்றேன். அந்தக் கருத்து எனக்கே பிடித்துப்போனது. நம் தோட்டத்து ஆட்கள் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வாழ்த்துரைக்கு வாத்தியாரான என்னைத்தானே கூப்பிடுவார்கள்? சென்ற ஞாயிறு வீரம்மா மகன் கல்யாணத்திலும் கூப்பிட்டார்கள். நிலையான சந்தோஷம் எது என்று ஆரம்பித்து, அம்மாவையே உதாரணம் காட்டினேன். என்னைக் கட்டிக்கொண்ட நாள் முதல் செல்லாயி ஒன்றுமே கேட்டதில்லை என்றேன். மண்டபமே கை தட்டியது.

பந்தியில் வீரம்மா, அம்மாவின் இலைக்குப் பக்கத்தில் இருந்த பாயசத்தை எடுத்துக்கொண்டு, "ஒங்களுக்குத்தான் ஒன்னும் வேணாமாமேக்கா, அப்ப இத நான் குடிக்கிறேன்லா" என்று கேலி செய்தாளாம். பெண்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அம்மாவும் சிரித்தாளாம். வீட்டுக்கு வந்து சேலையை மடித்துக்கொண்டே, "நான் கேட்டேங்க. தவமணி பாப்பாவ போய் பாத்துட்டு வரலாம்னு பொங்கலுக்குக் கேட்டேன், அதுக்கப்புறமும் கேட்டேன். நீங்க ஒவ்வொரு தடவையும் ஒரு உதாரணம் சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு முகம் வைக்க இடமில்லாமல் போனது.

உண்மைதான் தவமணி. கடல் தாண்டி விமானத்தில் போகிற தூரம், அங்கே போய் என்ன செய்யப்போகிறோம், இருக்கிற இடத்தில் நிறைவு காணவேண்டும் என்றெல்லாம் பேசினேன். அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். சம்மதித்துவிட்டாள் என்று நான் பேப்பரை எடுத்துக்கொள்வேன். வகுப்பில் கை தூக்காத பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து கேட்பேன். வீட்டில் மட்டும் கேட்கத் தோன்றவில்லை. பார், இதற்கும் உதாரணம் சொல்கிறேன்.

மறுநாள் காலையில், என்ன குடிக்கிறாய் என்று கேட்டேன். பால் சேர்க்காத கோப்பி ஓ என்றாள். இத்தனை காலமும் எனக்குப் போட்ட பால் தேநீரையே தானும் குடித்திருக்கிறாள். நான் கலக்கிய கோப்பி கசந்தது. ஆனாலும் முழுவதும் குடித்தாள். பிறகு வெகுநேரம் உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேசினோம். சந்தோஷத்தைப் பற்றி மேடையில் பேசும்போது எனக்கு அந்த நிறைவு வந்ததில்லை.

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. உனக்கு என்ன வேண்டுமோ அதை மாப்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல். அவர் மனதில் இருப்பதையும் கேள். நான் செய்ததுபோல் நீங்களே பதிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். மழையில் மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல். பள்ளி விடுமுறையில் நாங்கள் அங்கே வர எந்த வாரம் வசதி என்று மறக்காமல் எழுது.

இருவரும் மனமொத்து நீடூழி வாழ என் ஆசிகள்.

உன் அப்பா,
உடையப்பன்

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வேறு ஏதும் எழுதவா என்று கேட்டேன். "நான் வாரேன்னு எழுதுங்க. நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றாள். ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.