அம்மாவுக்காகக் கேட்காதது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டுவலி பரவாயில்லையா? நான் நலம். கல்லூரிப் படியில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு லேசாக வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

போனில் சொன்னதும் தங்கை சிரித்தாள். "அதான் தப்பிச்சேக்கா! அப்பாதான் வாராவாரம் காவல் தேவதைகிட்ட உனக்காக வேண்டிக்கிறாரே!"

அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் அந்தக் காவல் தேவதையின் கோயிலுக்குத்தான் புறப்பட்டேன். கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "கடவுள் ஒருத்தர்தாம்மா. மத்ததெல்லாம் இல்லேங்கல, ஆனா அதுங்க அவரோட வேலையாளுங்க. அதுங்ககிட்ட கையேந்துறது அவருக்குச் செய்யற துரோகம்."

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. உங்கள் சொல்லில் இருந்தது. அதனால் திரும்பி வந்தேன்.

இங்கே குளிர் அதிகம். அம்மாவின் சால்வையைத் துவைக்காமல் அனுப்புங்கள். வகுப்புக்கு நேரமாகிறது. அடுத்த வாரம் அந்தத் தேவதையிடம் போகும்போது, அன்று அம்மாவுக்காக நான் ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்கள் மூத்தவள்