கட்டில் காலும் கார் கூரைக் கண்ணாடியும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் எல்லோரும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் வண்டியும் இப்போது நலம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவரே சொல்லி முடித்துவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கவரைப் பிரிக்கும்போது உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு ரப்பர் மூடி விழுந்திருக்கும். குப்பை என்று எறிந்துவிடாதே. மேஜைமேல் வைத்துக்கொண்டு மேலே படி.

போன மாதம் நீ பேசினாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் வண்டிக் கூரையில் இருக்கிற சன்ரூஃப் கண்ணாடி விரிசல் விட்டதைப் பற்றி உன் அப்பா உன்னிடம் என்ன சொன்னார்? உங்க அம்மா மரக்கிளையில விட்டு இடிச்சுட்டா, வயசாகுதில்ல, மேல என்ன இருக்குன்னு பார்க்கிறதே இல்ல என்றார். மாப்பிள்ளை பின்னாலிருந்து, பாவம் அத்தை, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க மாமா என்று பெருந்தன்மையாக ஒத்து ஊதினார். அவர்கள் இருவரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நீ கடைசியில் என்னைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னாய். போதும்மா நீ ஓட்டினது என்றாய். மேலே ஒரு தகரத்தை வைத்து ஒரேயடியாக மூடிவிட்டு வண்டியை உன் அக்கா வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடச் சொன்னாய், எனக்கு எங்கே போக வேண்டுமோ அங்கே அவர் கொண்டுபோய் விடுவார் என்றாய். அவர் கொண்டுபோய் விடுவாராம். தினமும் காலையில் தன் செருப்பு எங்கே என்று உன் அக்காவைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மனிதர். அதோடு விட்டாயா, இந்த வயசுல யார் கேட்டாங்கன்னு சன்ரூஃப் வச்ச வண்டி வாங்கின என்று வேறு கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நான் எந்தக் கிளையிலும் இடிக்கவில்லை. ஆனால் வீட்டில் இரண்டு ஆண்கள் சேர்ந்து காலையிலும் மாலையிலும் இடித்தாய் இடித்தாய் என்று சொன்னால் யாருக்குத்தான் புத்தி நேராக நிற்கும்? நான் இல்லை என்று சொன்னதற்கு, நீ கவனிச்சிருக்க மாட்ட என்று ஒரே பதில். நானும் என்னைச் சந்தேகப்பட்டேன். நம் தெருவில் உள்ள ஒவ்வொரு மரத்தடியிலும் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். எதிர்வீட்டு அம்மாள் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துத் தானும் வந்து தேடினாள். ஒரு கண்ணை மூடி மூடிக் காலண்டரைப் படித்துப் பார்த்தேன், எல்லா எழுத்தும் தெரிந்தது. அப்படியும் நம்பிக்கை வரவில்லை. வண்டி போனால் என் வேலை போயிற்று. அளவெடுக்கப் போவது, துணி எடுத்து வருவது, தைத்த கர்ட்டனைக் கொண்டுபோய் ஏணி போட்டு மாட்டிக் கொடுப்பது எல்லாம் அந்த வண்டியில்தான். அதை நான் யாரிடமும் கைநீட்டி வாங்கவில்லை, ஊரார் ஜன்னலுக்கெல்லாம் துணி தைத்து வாங்கினேன். அதை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கர்ட்டன் கட்டையும் தூக்கிக்கொண்டு அவர் எப்போது தூங்கி எழுவார் என்று வாசலில் நிற்க வேண்டுமாம்.

சரி, உடைந்த கண்ணாடியை உன் அப்பாவும் மாப்பிள்ளையும் ரிப்பேர் செய்த அழகைச் சொல்கிறேன். கண்ணாடி நொறுங்கிக் கொட்டவில்லை, நடுவில் ஒரு படலம் இருக்கிறதாம், அது பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு மூலை பெயர்ந்து அங்கிருந்து குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. கடைக்குப் போய் மாற்றலாம் என்றேன். மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர் ஒருவர் மீன் தொட்டி செய்கிறாராம், அவரிடம் ஒரு கண்ணாடி வெட்டி வாங்கி ஒட்டிவிடலாம் என்றார். மீன் தொட்டியில் தண்ணீர் உள்ளே இருக்க வேண்டும், வண்டியில் வெளியே இருக்க வேண்டும், இந்த வித்தியாசம்கூடவா தெரியாது? அதுவரைக்கும் என்று உன் அப்பா குளியலறைத் தொட்டிக்கு வாங்கி மிச்சமிருந்த சிலிகான் குழாயை எடுத்து வந்தார். சன்ரூஃபைத் திறந்து பார்த்தார்கள். கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதில் முன்பக்கம் இரண்டு மூலையிலும் இரண்டு ஓட்டை. அதைக் கண்டதும் புதையலைக் கண்ட மாதிரி ஒரு கூச்சல். உனக்கு வீடியோவில் காட்டினார்கள். நீயும் உன் பங்குக்கு, அதான்ப்பா, அந்த ஓட்டையெல்லாம் மொதல்ல அடைங்க என்றாய். ஞாபகம் இருக்கிறதா? அடைத்தார்கள். கண்ணாடியை இழுத்து மூடி வெளியேயும் சுற்றிவரப் பூசி, மேலே டேப்பை ஒட்டினார்கள். பார்க்க அடிபட்ட ஆளுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. இனிமே ஒரு சொட்டு எறங்காது என்று உன் அப்பா கையைத் தட்டினார்.

அந்த ஓட்டைகள் எதற்கு என்று கேட்டாயா, நீயும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எந்த சன்ரூஃபிலும் கொஞ்சம் தண்ணீர் அந்த வாய்க்காலுக்கு வரத்தான் செய்யும். அது அந்த ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி, கதவோரத் தூணுக்குள்ளேயே ஓடி, வண்டிக்கு அடியில் போய்விடும். போகிற வழியை மூன்று அறிவாளிகள் சேர்ந்து அடைத்துவிட்டீர்கள். அந்த வாரமே நல்ல மழை. ஒரு ஓட்டலுக்கு வெண்ணெய் நிறத்தில் கர்ட்டன் தைத்திருந்தேன், எல்லாவற்றையும் மடித்துப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். நான் ஓட்டுவதைக் கண்காணிக்க உன் அப்பாவும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கிளை கிளை, பார்த்து பார்த்து என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சிக்னலில் பிரேக்கை மிதித்தேன் பார், மேலே தேங்கியிருந்தது மொத்தமும் முன்னால் சாய்ந்து, முன்கண்ணாடிக்கு மேலே கூரையில் இருக்கிற விளக்கு வழியாக உன் அப்பா மடியில் கொட்டியது. அவர் அதற்குப் பிறகு கிளையைப் பற்றிப் பேசவில்லை. சிரிப்பதற்கும் எனக்கு நேரமில்லை, பின்னால் கூரைத் துணி ஊறிச் சொட்டி, மேலே இருந்த மூன்று கர்ட்டனில் பழுப்பாகத் திட்டுத் திட்டாகக் கறை. ஓட்டல் மேனேஜரம்மா அதைப் பிரித்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நீங்களா இப்படி என்றாள். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை. கறைபட்டதை எடுத்துவந்து புதுத் துணியில் திரும்பத் தைத்துக் கொடுத்தேன்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று இருந்துவிட எனக்குத் தெரியாது. மறுநாளே கார் கண்ணாடிக் கடைக்குப் போய், என் வண்டிக்கு என்றே வருகிற கண்ணாடியைச் சொல்லிவைத்தேன். வந்ததும் கூப்பிட்டார்கள். உன் அப்பாவும் கூட வந்தார், ஆம்பளை துணை இல்லேன்னா ஏமாத்திடுவாங்களாம். அந்தக் கண்ணாடிக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. வண்டிக் கண்ணாடியில் பார்த்து முடியை வாரிக்கொண்டுதான் வேலையையே தொடங்கினான், எதைச் சொன்னாலும் சார் சார் என்று உன் அப்பாவிடமே சொன்னான். வண்டி என்னுது, என்கிட்ட சொல்லு என்றேன். ஒருதரம் முழித்தான், பிறகு மேடம் என்றான். வாய்தான் நீளமே தவிர வேலையில் குறை சொல்ல முடியாது. டேப்பைப் பிய்த்தான், சிலிகானைச் சுரண்டினான், சுரண்டச் சுரண்ட, எவன் மேடம் இத பண்ணது, இவன்லாம் சாந்து பூசப் போகலாம் என்று திட்டிக்கொண்டே இருந்தான். நான் உன் அப்பா பக்கம் கையைக் காட்டலாமா என்று நினைத்தேன், போனால் போகிறது என்று விட்டேன். அப்போதுதான் முன்மூலை வாய்க்காலில் சிலிகானுக்குள் புதைந்து கிடந்த ஒன்றை நெம்பி எடுத்தான். இது எந்தப் பார்ட்டு, இந்த வண்டியிலயே இது கிடையாதே என்றான். அது கம்பெனி ரப்பர்ப்பா, நான்தான் கெட்டியா ஒட்டி வச்சேன் என்று உன் அப்பா முந்திக்கொண்டு சொன்னார், சொன்னவர் என் முகத்தைப் பார்க்காமல் கடைக் கூரையைப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், அவர் கூரையைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நான் அதைத் துடைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். இப்போது உன் மேஜைமேல் இருக்கிறதே, அதுதான்.

அன்று உன் அக்காவும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். பரிமாறி முடித்துவிட்டு அந்த மூடியை எடுத்து மாப்பிள்ளை தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர், என்ன அத்தை இது, மருந்து பாட்டில் மூடியா என்றார். உன் அக்கா பாவம், வெள்ளந்தி, அதைக் கையில் எடுத்து, அட இது நம்ம புதுக் கட்டில் கால் மூடிங்க, ஒரு கால்ல மட்டும் காணோம்னு தேடிக்கிட்டே இருந்தோமே, இங்க எப்படி வந்துச்சு என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தார்கள், உன் அக்கா ஒரு கரண்டியில் எடுத்துவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வேன் கூலிக்குக் கஞ்சப்பட்டு, எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்து, இரும்புக் கட்டிலை என் வண்டிக் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுபோயிருக்கிறார் மாப்பிள்ளை. இறக்கும்போது கை நழுவிக் கட்டில் கால் கண்ணாடி மூலையில் இறங்கியிருக்கிறது, மூடி கழன்று உள்ளே விழுந்திருக்கிறது. மறுமுனையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? உன் அப்பா. மாப்பிள்ளை முகம் வாடக் கூடாது, வீட்டுக்கு வந்த மனுஷன், அதான் உன்மேல சொன்னேன், நீ நம்ம வீட்டு ஆளுதானே, தாங்கிக்குவ என்கிறார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நம் வீட்டில் மாப்பிள்ளை உடைத்தாலும் அது மாமியார் உடைத்த கணக்கு. மாப்பிள்ளை முகம் வாடாமல் இருக்க நான் தெருத் தெருவாக மரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். நான் கண்ணை மூடி மூடிக் காலண்டர் படித்ததை உன் அப்பா சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதை மட்டும் என்னால் சட்டென்று மன்னிக்க முடியவில்லை. இப்போதைக்கு அவர் டீயை அவரே போட்டுக் குடிக்கிறார், அது சிலிகான் மாதிரிதான் இருக்கும், குடிக்கட்டும்.

புதுக் கண்ணாடி ஒரு மயிரிழை ஏற்ற இறக்கம் இல்லாமல் கூரையோடு கூரையாக உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் புது ரப்பர். அடைத்த ஓட்டைகளை அன்று கடையிலேயே அந்தக் கண்ணாடிக்காரன் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, தண்ணீர் ஊற்றிக் காட்டினான், டயருக்குப் பக்கத்தில் சளசளவென்று வந்தது. முழுக்க ஹோஸ் பிடித்துச் சோதிக்க வேண்டும், வெளியே நில்லுங்கள் என்றான். நான் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, இப்ப அடி என்றேன். தலைக்கு மேலே தண்ணீர் அலை அலையாக ஓடியது, ஒரு பொட்டுகூட உள்ளே வரவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு இறங்கினேன், வெளியே இருந்தவர்களுக்குத் தெரியாது.

அவர்கள் இரண்டு பேரையும் விடு, அவர்கள் லட்சணம் எனக்குத் தெரியும். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை. அவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு ஓட்டையை அடைக்கச் சொன்னாய், தகரத்தைப் பற்றிச் சொன்னாய், ஓட்டியவளைக் கேட்கவில்லை. கேட்டாயே, யார் கேட்டாங்கன்னு சன்ரூஃப் வாங்கின என்று, அதற்குப் பதில் இதோ. நீ ஒன்றாம் வகுப்புப் படித்தபோது உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் வேலை பார்த்த கடையின் பழைய வேனில் டெலிவரிக்குப் போகும்போது உன்னையும் பின்னால் ஏற்றிக்கொள்வேன். அந்த வேனில் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. கர்ட்டன் மூட்டைமேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, அம்மா, மேல ஒரு ஜன்னல் இருந்தா வானம் தெரியுமில்ல என்பாய். நேற்றுச் சொன்னதை இன்றும் சொல்வாய். தொணதொணப்புத் தாங்காமல், நான் சொந்தமா வண்டி வாங்கும்போது வச்சுத் தரேண்டா, இப்ப வாயை மூடு என்றேன். நான் வாங்கிய அன்று நீ இந்த ஊரிலேயே இல்லை. மேல் கண்ணாடி வேணுமா மேடம் என்று கடையில் கேட்டார்கள், வேணும் என்றேன். யாரும் கேட்காமல் நான் வாங்கவில்லையடா, நீதான் கேட்டாய்.

லீவுக்கு வரும்போது விமான நிலையத்துக்கு நான்தான் வருவேன், நான்தான் ஓட்டுவேன். பயமாக இருந்தால் டாக்சி பிடித்துக்கொள். ஏறுவதாக இருந்தால் பின்சீட்டில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டு வா, வழி சொல்லாதே. உடம்பைப் பார்த்துக்கொள், கண்டதைத் தின்னாதே, எந்தக் குறையும் இல்லாமல் ரொம்ப நாள் நல்லா இரு. மறக்காமல் அந்த ரப்பர் மூடியை எடுத்து வந்து உன் கையாலேயே மாப்பிள்ளையிடம் கொடு. அதுவரை அந்தக் கட்டில் ஆடட்டும்.

இப்படிக்கு,
வண்டிச் சாவியை யாருக்கும் கொடுக்காத
உன் அம்மா