தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

29 ஏப்ரல் 1943

இன்று இந்த வீட்டில் இருந்தவர்கள்: நான், அஞ்சலை. பிரசவ வலியில் என் மகள் ருக்மணி. பேறு பார்க்க வந்த பூங்காவனம். ருக்மணியின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்த என் ஓரகத்தி பாக்கியலட்சுமி. வாசலில் அவள் புருஷன் தம்பிராஜா, என் கொழுந்தன். மருமகன் ஜெயபாலன் காலையில் இருந்தான். பிள்ளை பிறந்தபோது இல்லை.

வருஷத்தை ஜப்பான்காரன் கணக்குப்படி 2603 என்று எழுத வேண்டுமாம். நான் எழுத மாட்டேன்.

ஜப்பான் ராஜா பிறந்த நாளாம். பண்டார் ஹிலிர் திடலுக்குப் போய் அவன் இருக்கிற திசையைப் பார்த்துக் குனிய வேண்டும், குனிந்தவர்களுக்கு அரிசி என்று வீடு வீடாகச் சொன்னது தம்பிராஜாதான். அவன்தானே இப்போது தெருவுக்குத் தலைவன். "போயிட்டு வந்துர்றேன் அத்தை, அவளுக்குக் கஞ்சி வைக்கலாம்ல" என்று பையை எடுத்துக்கொண்டு போனான் ஜெயபாலன். குனிந்து நிமிர்ந்தால் சுற்றிலும் லாரி நின்றதாம். திடகாத்திரமானவர்களை எல்லாம் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட.

இங்கே ஆண் பிள்ளை. அடுத்த சந்தில் கிழவர் பொன்னுதுரை கண்ணை மூடிவிட்டார். எந்த வீட்டு அழுகை எது என்று தெரியவில்லை.

30 ஏப்ரல்

அரிசியும் வரவில்லை.

21 மே

ருக்மணிக்குப் பால் இல்லை. மரவள்ளிக்கிழங்கு தின்கிற உடம்பில் பால் எங்கிருந்து ஊறும்? பிள்ளைக்கு அழவும் தெம்பில்லை. பாக்கியலட்சுமி ஆட்டுப்பாலை முந்தானையில் மறைத்து எடுத்துவந்து சங்கில் புகட்டினாள். பிள்ளை பெறாதவள். அதைச் சொல்லிச் சொல்லியே அவளை எத்தனை பேச்சு பேசியிருக்கிறேன்! நல்லாயிருக்கட்டும்.

அவள் புருஷன் முகத்தில் நான் விழிப்பதில்லை.

8 ஆகஸ்டு

ஜெயபாலனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அப்பனை அனுப்பிவிட்டு வந்த பிள்ளை என்று தெருவே பேசுகிறது. கையில் ஏந்தி எடுத்த பூங்காவனமும் பேசுகிறாள். ருக்மணி பிள்ளையைத் தொட மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

பாக்கியலட்சுமி வந்தாள். "தவிட்டுக்குக் குடுத்துருங்க அக்கா. வேற வீட்டுப் பிள்ளையாயிட்டா தோஷம் அப்பனைத் தொடாது. அவரு வந்து வாசப்படி ஏறுற அன்னைக்கு நானே தூக்கியாந்து குடுக்குறேன்."

ஊரில் செய்வதுதான். என் தம்பியையும் அப்படிக் கொடுத்தார்கள். ஒரு முறம் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டு, மறுநாளே கூட்டிவந்தார்கள். இது மறுநாள் இல்லை. ஜெயபாலன் வரும்வரை. என்ன செய்ய? அங்கே ஆட்டுப்பாலாவது இருக்கிறது.

11 ஆகஸ்டு

கொடுத்துவிட்டோம். ருக்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டு "எங்க பிள்ளை இல்லை, உங்க பிள்ளை" என்று மூன்று தரம் சொன்னாள்.

தவிட்டை மாட்டுக்குப் போடுவதுதான் முறை. மாட்டுக்கு எங்கே போக? ரொட்டி தட்டித் தின்றோம். சாமி கோபித்துக்கொள்ளுமோ? பசி கேட்கவில்லையே.

2 டிசம்பர்

ருக்மணி போய்ப் பிள்ளையைக் கேட்டிருக்கிறாள். "அப்பன் வரட்டும்டி, தூக்கிக் குடுக்குறேன். இப்ப எடுத்தா அவரு உசுருக்கு ஆகாதே" என்றாளாம் சித்திக்காரி. என் மகள் பயந்துபோய் வெறுங்கையோடு திரும்பிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பென்ன என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

29 ஏப்ரல் 1944

பேரனுக்கு ஒரு வயது. மறுபடியும் திடல், மறுபடியும் குனிந்தோம். "என்னப்பா தலைவரே, இந்த வருஷம் யாரை ஏத்திவிடப் போற?" என்று எல்லோர் காதிலும் விழ தம்பிராஜாவைக் கேட்டேன். "அண்ணி, எனக்கும் அரிசின்னுதான் சொன்னானுங்க. சத்தியமா" என்றான். நான் நம்பவில்லை.

பிள்ளை பாக்கியலட்சுமியின் இடுப்பில் இருந்தது. அம்மா என்கிறது. ருக்மணி பக்கத்தில்தான் நின்றாள்.

17 ஜனவரி 1945

ருக்மணி இப்போது என்னோடு பேசுவதில்லை. அடுப்போடு பேசுகிறாள்.

27 ஏப்ரல்

இன்றே எழுதிவிட வேண்டும்.

தெங்கேராவில் மீன் வாங்கப் போன இடத்தில் ஹாஜாவைப் பார்த்தேன். ஜெயபாலனோடு ஒரே லாரியில் போனவன். காலில் பெரிய புண் ஆறின தழும்பு. என் மருமகன் எங்கேடா என்று சட்டையைப் பிடித்தேன்.

"என்ன பெரியம்மா, தெரியாத மாதிரி கேக்குறீங்க? அவர் அந்த ஜூன் மாசமே போய்ச் சேர்ந்துட்டாரே. வாந்திபேதி. என் மடியிலதான் உசுரு போச்சு."

"எங்களுக்கு யாரும் சொல்லலையே!"

"சொன்னேனே! ஜூலையில தப்பிச்சு ஓடியாந்தேன். உங்க வீட்ல பச்சைப் புள்ள, எனக்கு மனசு வரல. தம்பிராஜா அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் இல்ல. அவர் வீட்டம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் மூவார் ஊர்ப்பக்கம் ஒளியப் போனேன்."

ஜூலையில் சொல்லியிருக்கிறான். நாங்கள் பிள்ளையைக் கொடுத்தது ஆகஸ்டில்.

அப்பன் வரட்டும்டி, தூக்கிக் குடுக்குறேன் — அடிப்பாவி!

29 ஏப்ரல் 1945

திடலுக்கு நான் போகவில்லை. அடித்தால் அடிக்கட்டும். நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தம்பிராஜா சலவைச் சட்டையில் புறப்பட்டு நின்றான். ஹாஜா சொன்னதை அவள் எதிரிலேயே சொன்னேன்.

"நெசமாடி?" என்றான்.

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "ஆமா" என்றாள். அவ்வளவுதான்.

தம்பிராஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குத் தெரியாது. ரெண்டு வருஷமாக அவனைத் திட்டின எனக்கு அது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவன்தான் எழுந்து பிள்ளையைப் பிடுங்கி எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்தான். அவள் செருப்பில்லாமல் பின்னால் ஓடிவந்தாள். "அக்கா, வெறும் வயித்துல கிழங்கு குடுத்துராதீங்க, அவனுக்குச் சேராது!" நான் கதவைச் சாத்தினேன்.

ஹாஜா சொன்னதைக் கேட்ட ருக்மணி பொட்டை அழித்துவிட்டுப் பிள்ளைக்குக் கையை நீட்டினாள். அது போகவில்லை. கதவைத் தட்டித் தட்டி அம்மா அம்மா என்று கத்தித் தொண்டை கட்டிவிட்டது. "நான்தான்டா, நான்தான்டா" என்று இவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

லாரி கொண்டுவந்தவன் பெயர் எனக்குத் தெரியாது. தம்பிராஜாவை என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். ஆனால் ஒருத்தி உண்டு. என் பேரனுக்குப் பால் ஊற்றி உயிரோடு வைத்தவள். அதையும் நான் மறக்கவில்லை. இருந்தும் மன்னிக்க மாட்டேன், என் கட்டை வேகும்வரை மாட்டேன் — பாக்கியலட்சுமியை.