கறுப்பு டயல்

கண்டி
14.07.2025

அன்புள்ள மச்சான் கணேசுக்கு,

அப்பாவின் கைக்கடிகாரத்தை நீங்கள் மாற்றவில்லை. தவறு என்னுடையது.

போன் எடுத்தால் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது வெள்ளை டயல். பதினொரு வருஷத்துக்கு முன் கருமாதியன்று நீங்கள் என் கையில் தந்தது கறுப்பு. பார்த்த மாத்திரத்தில் எழுபதுகளில் வந்த சாமான் என்று கணித்து, "நல்லத வித்துட்டு இதக் குடுக்கிறாங்க" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். பிறகு கடை மேசை லாச்சியில் போட்டதுதான். பின்மூடியைக் கழற்றாமல் எந்தக் கடிகாரத்துக்கும் நான் வயது சொல்வதில்லை. இதற்கு மட்டும் சொல்லிவிட்டேன்.

போன வாரம் பேராதனை லெக்சரர் ஒருவர் பழைய கடிகாரம் கேட்டார். விற்கத்தான் திறந்தேன், மறைப்பானேன். உள்ளே மெஷினில் உள்ள இலக்கத்தைக் கம்பனிப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் 1958. துரை தன் ஊருக்குப் போனது 61இல். அப்படியானால் இது அவர் தந்த அதே கடிகாரம், டயல் மட்டும்தான் வேறு. மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறியிருந்தது: ‘ஷி 12.8.06’. திருத்துகிறவர்கள் தங்கள் ஞாபகத்துக்குப் போடுகிற அடையாளம். அப்பா உங்கள் வீட்டில் இருந்த காலம்.

தெல்தெனியாவில் கடிகாரம் திருத்துகிற ஷிராஸ் நானாவைத் தேடிப் பிடித்தேன். "தண்ணி எறங்கி வெள்ள டயல் பழுதாப் போச்சு. என்ட்ட இருந்த ரெண்டு டயல்ல ஒங்க வாப்பாதான் கறுப்பக் கேட்டாரு" என்றார். "மகன் கண்டியில கட வச்சிருக்கானே, அவன்ட்ட குடுக்கலியா" என்று நானா அப்பாவிடம் கேட்டாராம். "அவனுக்கு நேரமில்ல நானா" என்றாராம் அப்பா.

மகள் நிலூஷாவின் கல்யாணம் ஆகஸ்ட் 28 என்று மார்க்கட்டில் யாரோ சொல்லித்தான் தெரியும். கடிகாரத்தை வெள்ளை டயல் போட்டுத் தந்துவிடுகிறேன். தாய்மாமனாக வரலாமா?

இப்படிக்கு,
அழகையா


ஹுன்னஸ்கிரிய
23.07.2025

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் தங்கச்சி ராஜேஸ்வரி இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் கறி உப்பு.

உங்கள் பட்டியலும் இலக்கமும் எனக்கு விளங்காது. மாமா எட்டு வருஷம் அதைக் கட்டியிருந்தார். நீங்கள் தீபாவளிக்கு வருவீர்கள், காசுக் கவரைக் கொடுப்பீர்கள், தேத்தண்ணி ஆறுமுன் வேன் திரும்பிவிடும். ஒரு தடவை அவர் கையைப் பார்த்திருந்தால் போதும்.

கள்ளன் என்று சொன்னது அறுபது பேர் முன்னால். இல்லை என்று எழுதியது எனக்கு மட்டும். கணக்கு எங்கே சரி வருது மச்சான்? அந்த ஆட்கள் எல்லாரும் கல்யாணத்துக்கு வருகிறார்கள். தாலி ஏறுமுன் எழுந்து சொல்லுங்கள். கடிகாரத்தை உங்கள் கையாலேயே என் கையில் கட்டிவிடுங்கள். டயலைத் தொட வேண்டாம், அவர் கேட்டு வாங்கியது.

உங்கள் தங்கச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மொத நாளே வரச் சொல்லுங்க. மறுநா சாப்பிட்டுட்டுத்தான் போகணும். அவசரம்னா வரவே வேணாம்."

கணேஸ்


கண்டி
28.07.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நாற்பது வருஷமாக வியாபாரம். சொன்ன விலையைக் குறைத்துக் கேட்காமல் விட்ட நாள் கிடையாது. இதில் கேட்கப்போவதில்லை.

லெக்சரருக்கு இல்லையென்று சொல்லிவிட்டேன். மெஷினைக் கழுவி எண்ணெய் விட்டேன், நாளுக்கு ஒரு நிமிஷம் பிந்துகிறது; அந்த வயதுக்கு அது போதும். மூடியின் உள்ளே ஷிராஸ் நானாவின் கீறலுக்குக் கீழே என் பெயரையும் தேதியையும் போட்டிருக்கிறேன். அப்பா கொடுத்திருந்தால் போட்டிருக்க வேண்டியது.

ராஜேஸ்வரிக்கு என் அன்பு. கறியை இனி ருசி பார்த்து இறக்கச் சொல்லுங்கள்.

ஆக, பேசியபடி: தாலிக்கு முன் எல்லார் கேட்கவும் சொல்வேன். டயல் கறுப்பு. கட்டுவது உங்கள் இடது கையில். 27, 28, 29 மூன்று நாளும் கடை பூட்டு.

அழகையா