தண்ணீர் மட்டும் குடிக்க வேண்டிய வரிசைகள்

அப்பா,

பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நம் வயலில் இடப்பக்கத்து ஆறு வரிசைக் கோதுமைக்கு நுண்ணுயிர்க் கரைசல், வலப்பக்கத்து ஆறுக்கு வெறும் தண்ணீர் என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். பன்னிரண்டும் ஒரே உயரம் வளர்ந்து நின்றன. என் நுண்ணுயிர்களால் ஒரு பயனும் இல்லை என்று நான் போனில் அழுத பிறகுதானே நீங்கள் வாயைத் திறந்தீர்கள்!

"அந்தப் பக்கத்துக்கும் கொஞ்சம் ஊத்திட்டேம்மா. ஒண்ணு குடிக்கும்போது பக்கத்துல இன்னொண்ணு பாத்துக்கிட்டே நின்னா மனசு கேக்கலை."

பேராசிரியர் முதலில் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். "ஆராய்ச்சியை எலி கெடுத்திருக்கு, மழை கெடுத்திருக்கு. பாசம் கெடுத்து இப்பதான் பாக்கறேன்."

என் ஆராய்ச்சியில் ஒரு வருடம் வீணானது உண்மைதான். கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை.

அம்மா போன பிறகும் நீங்கள் காலையில் இரண்டு டம்ளரில் டீ ஊற்றுவதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அதன் பிறகு நான் ஏன் ஊருக்கு வரவே இல்லை என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அடுத்த விதைப்புக்கு நானே வருகிறேன். அறுவடைவரை அங்கேதான் இருப்பேன். வலப்பக்கத்து வரிசைகளின் பக்கம் நீங்கள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

இரண்டாவது டம்ளரை நான் குடித்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்