தார் றோட்டிலை கொட்டின மடு மண்

ஆகஸ்ட் 16, இரவு.

மடு மாதா கோயில் திருவிழா முடிஞ்சு வந்ததிலையிருந்து நெஞ்சு கொதிக்குது.

இடம்பெயர்ந்து வந்த தங்கச்சி கீரிக் கிராமத்திலை கொட்டில் போட்டிருக்கிறாள். ராவிலை பாம்பு வருது எண்டு பிள்ளையளோடை நித்திரையில்லாமல் கிடக்கிறாள். மடு மண் தூவினால் பாம்பு அண்டாது. அதுக்குத்தான் கோயிலடியிலையிருந்து ஒரு பை மண் கட்டிக்கொண்டு வந்தனான்.

வழி நெடுக பஸ்ஸாலை இறக்கி இறக்கிச் சோதிச்சாங்கள். ஒருத்தனும் மண்ணைத் தொடேல்லை. மன்னார்ப் பாலத்தடியிலை நிண்ட ஆமிப் பெடியன்தான் பையை அவிட்டு, "இது என்ன, வெடிமருந்தோ?" எண்டான்.

"மருந்தில்லை, மடு மாதாவின்ரை மண்" எண்டன்.

பின்னாலை நிண்ட அவன்ரை பெரியவன் சிங்களத்திலை கத்தினான். பெடியன் பையைத் தார் றோட்டிலை கவிழ்த்தான்.

பஸ்ஸிலை ஏறி யன்னலாலை பார்த்தன். பெரியவன் அங்காலை போனதும் அவன் குனிஞ்சு ஒரு பிடி அள்ளிச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை போட்டான். கழுத்திலை செபமாலை தொங்கிச்சுது. மிச்ச மண்ணுக்கு மேலாலை பஸ் ஏறிப் போச்சு.

"மண்தானே, விடு" எண்டு இவர் சொல்லிப்போட்டுக் குறட்டை விடுறார்.

தெரியாமல் கொட்டியிருந்தால் நானும் திட்டிப்போட்டுப் படுத்திருப்பன். அவன் தெரிஞ்செல்லோ கொட்டினவன். இப்ப அவன் மாதாவின்ரை மண்ணோடை நிம்மதியாப் படுத்திருப்பான். கீரியிலை என்ரை தங்கச்சி விளக்கைக் கொழுத்தி வைச்சு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.